வீட்டின் பரப்பளவு: அனுமதிக்கு எதை அளக்கிறார்கள்? எப்படி அளக்கிறார்கள்?

புது வீட்டுக்கு அடிக்கல் வைக்கும்போது துஆ ஓத நம்மை அழைப்பார்கள். துஆ முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் வீட்டின் வரைபடத்தை விரித்துக் காட்டுவதும் வழக்கம். எத்தனை அறை, கிப்லா எந்தப் பக்கம், எந்தத் தளம் எந்த மகளுக்கு என்றெல்லாம் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். "மொத்தப் பரப்பு எவ்வளவு?" என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு எண் சொல்வார், மேஸ்திரி ஒரு எண் சொல்வார், வரைபடத்தில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும்.

இந்த வேறுபாட்டை நாமும் ஒரு காலத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மூன்றாவது மகளுக்கென்று நினைத்திருந்த தளத்துக்கு அனுமதி கிடைக்காமல் நின்றபோதுதான் இதை உட்கார்ந்து படித்தோம். நாம் பொறியாளர் அல்ல. ஆனால் ஒரு குடும்பத் தலைவர் தம் வீட்டு வரைபடத்தைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்கு இதைப் புரிந்துகொள்ள முடியும். தமிழ்நாட்டில் குடியிருப்புக் கட்டட அனுமதிக்குப் பரப்பளவு கணக்கிடப்படும் முறையை, இன்ஷா அல்லாஹ், இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

எந்த விதி?

முன்பு சென்னைப் பெருநகருக்கு ஒரு விதி, மாநகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. 2019 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அவற்றை ஒன்றாக்கின. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று விண்ணப்பம் எங்கே போனாலும், பரப்பளவைக் கணக்கிடும் அடிப்படை இந்த விதிகள்தாம். இவை அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒரே வீட்டுக்கு நான்கு பரப்பு

குழப்பத்துக்கு முதல் காரணம், "பரப்பு" என்ற ஒரே சொல்லை நான்கு பொருளில் பயன்படுத்துவது.

முதலாவது, கார்பெட் ஏரியா. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு விளக்கம் தந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குள் நாம் புழங்கக்கூடிய நிகரப் பரப்பு இது. வெளிச்சுவர்கள், குழாய்கள் செல்லும் குழிகள், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டை மாடி ஆகியவை இதில் சேராது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும்.

இரண்டாவது, பிளிந்த் ஏரியா. சுவரின் கனத்தையும் சேர்த்து, வெளிச்சுவரின் வெளி முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் வெளி முகம் வரை அளந்து வரும் பரப்பு.

மூன்றாவது, சூப்பர் பில்ட்அப் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது இடங்களில் ஒரு பங்கையும் சேர்த்து விற்பவர் சொல்லும் எண். இது வியாபாரக் கணக்கு.

நான்காவது, அனுமதிக்கான பரப்பு. எல்லாத் தளங்களின் பிளிந்த் ஏரியாவையும் கூட்டி, அதிலிருந்து விதி விலக்களித்த இடங்களை மட்டும் கழித்தால் கிடைப்பது. வரைபட அனுமதியில் பார்க்கப்படுவது இதைத்தான்.

வீட்டுக்காரர் அறைகளின் உள்ளளவைக் கூட்டி முதலாவதை ஒத்த ஓர் எண்ணைச் சொல்கிறார். மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று பேசுபவர். தண்ணீர்த் தொட்டி, போர்டிகோ, சன்ஷேடு என்று தாம் வேலை செய்த இடங்களையெல்லாம் தம் கணக்கில் சேர்க்கிறார். அவரவர் தேவைக்கு அந்தந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். அனுமதிக்கு இரண்டும் உதவாது.

முதலில் மனையின் பரப்பு

வீட்டின் பரப்புக்கு வரம்பு வைப்பது மனையின் பரப்பு. மனையில் தவறினால் பிறகு எல்லாமே தவறிப்போகும். இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும். 30 அடிக்கு 40 அடி, 1200 சதுர அடி என்று பத்திரம் சொல்லும். ஆனால் பல ஆண்டுகளில் பாதை அகன்றிருக்கும், பக்கத்து மதில் சற்று உள்ளே வந்திருக்கும். நேரில் அளந்தால் 38 அடி 6 அங்குலம்தான் இருக்கும். அப்போது மனை 1155 சதுர அடி. பத்திரமும் பட்டாவும் தரையும் வேறுபட்டால் குறைவானதைக் கணக்கில் எடுப்பதே வழக்கம். ஆகவே வரைபடம் போடும் முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிட வேண்டும்.

இரண்டு, கோணலான மனை. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து இரண்டையும் பெருக்குவது நம் ஊர்களில் பழக்கம். இந்த முறை செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற எந்த நாற்கர மனையிலும் இது உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். முன்பக்கம் 30 அடி, வலப்பக்கம் 40, பின்பக்கம் 36, இடப்பக்கம் 38. சராசரி முறையில் 33 × 39 = 1287 சதுர அடி. அதே மனையில் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு நாடா பிடித்தால் 44 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனை இரண்டு முக்கோணமாகப் பிரிகிறது. ஒன்று சுமார் 583, மற்றொன்று சுமார் 654. மொத்தம் 1237 சதுர அடி. 50 சதுர அடி வெறும் கணக்கில் இருந்தது, தரையில் இல்லை. நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்று, பொதுப்பாதை. நம் கடலோர ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்கு விட்டிருப்பார்கள். சில பத்திரங்களில் "முடுக்கில் நடைபாத்தியம் உள்பட" என்று எழுதியிருக்கும். நடந்து செல்லும் உரிமை வேறு, நிலத்துக்குச் சொந்தம் என்பது வேறு. பொது முடுக்கை மனைப் பரப்பில் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது.

நாடாவை எங்கே வைப்பது?

இனி கட்டடத்துக்கு வருவோம். அறைக்குள் நின்று அளப்பது அனுமதிக் கணக்குக்கு உதவாது. வெளிச்சுவரின் வெளி முகத்தில் தொடங்கி எதிர் வெளி முகத்தில் முடிக்க வேண்டும். இதனால் வரும் வேறுபாடு சிறியதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெளியளவு 22 அடிக்கு 32 அடி உள்ள வீட்டின் பரப்பு 704 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலம். இரண்டு பக்கச் சுவரையும் கழித்தால் உள்ளளவு 20.5 அடிக்கு 30.5 அடி, அதாவது 625 சதுர அடி. ஒரு தளத்துக்கு 79 சதுர அடி வேறுபாடு. மூன்று தளத்துக்கு 236 சதுர அடி. இரண்டு படுக்கையறை அளவுக்கான இடம் சுவரிலேயே போய்விடுகிறது.

அளவை எழுதும்போது வரும் தவறுகளும் உண்டு. 22 அடி 6 அங்குலத்தை 22.6 என்று எழுதுகிறார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் அது 22.5 ஆகும். 30 அடி 9 அங்குலம் என்பது 30.75. அடுத்து, வரைபடம் சதுர மீட்டரில் இருக்கும், நம் மனத்தில் சதுர அடி இருக்கும். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. எளிதாக இருக்கட்டும் என்று 10ஆல் பெருக்குபவர்கள் உண்டு. மேலே சொன்ன 704 சதுர அடி வரைபடத்தில் 65.40 சதுர மீட்டர் என்று இருக்கும். 10ஆல் பெருக்கினால் 654 என்று வந்து, 50 சதுர அடி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

எது சேரும், எது சேராது?

மேலே கூரை, கீழே தளம் என்று மூடப்பட்ட இடம் பரப்பில் சேரும் என்பது பொது விதி. விலக்கு வேண்டுமானால் அது விதியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். "இதுக்கெல்லாம் யாரு கணக்குப் பார்ப்பா?" என்று மேஸ்திரி சொல்வது விலக்கு ஆகாது.

சேருபவை: அறைகள், கூடம், சமையலறை, கழிப்பறை, உள்சுவர், வெளிச்சுவர், கூரையுள்ள தாழ்வாரம். படிக்கட்டு ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தளத்தின் பரப்பாகவே வரும். ஒரே படிக்கட்டுதானே என்று ஒருமுறை மட்டும் எண்ணிவிட முடியாது.

சேராதவை: மொட்டை மாடிக்கு மேலே எழும் படிக்கட்டுக் கூடு, லிஃப்ட் இயந்திர அறை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் செல்லும் குழி, வாகனம் நிறுத்த மட்டும் என்று தூண்கள் மேல் எழுப்பி விடப்படும் ஸ்டில்ட் தளம். வெயில் மழைக்கான சன்ஷேடும் சேராது.

இந்த விலக்குகள் அந்த இடத்தின் பயனைப் பொறுத்தவை. படிக்கட்டுக் கூட்டைப் பெரிதாக்கிக் கட்டில் போட்டால் அது அறை. ஸ்டில்ட் தளத்தில் சுவர் எழுப்பிக் கடைக்கு வாடகைக்கு விட்டால் அது கடை. சன்ஷேடை நீட்டி மூடி அலமாரியாக்கினால் அதுவும் பரப்பு.

சந்தேகம் வரும் இடங்கள் நான்கு. முதலாவது முற்றம். வானம் பார்த்த முற்றம் பரப்பில் சேராது. பழைய வீட்டின் முற்றத்துக்குப் பிறகு கூரை போட்டுக் கூடமாக்கினால் சேரும். இரண்டாவது, மொட்டை மாடியில் இரும்புத் தூண் நிறுத்திப் போடும் தகரக் கூரை. கான்கிரீட் இல்லை என்பதற்காக அது கணக்கில் வராது என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வுக்கு வருபவர் அதை மூடிய பரப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது பால்கனி, நான்காவது போர்டிகோ. இவை இரண்டும் நீளம், அகலம், தூண், எந்த இடைவெளிக்குள் நீள்கின்றன என்பதைப் பொறுத்து மாறும். வரைபடம் தயாரிப்பவரிடம், "இவற்றைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா?" என்று கேட்டு, பரப்புப் பட்டியலில் தனி வரியாக எழுதச் சொல்ல வேண்டும்.

தளப்பரப்புக் குறியீடு

இப்போது இரண்டு எண்கள் நம் கையில் இருக்கின்றன. எல்லாத் தளங்களின் கணக்கில் வரும் பரப்பு ஒன்று, மனையின் பரப்பு ஒன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது தளப்பரப்புக் குறியீடு. எஃப்.எஸ்.ஐ. என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

2019 விதிகளின்படி, உயரமான கட்டடம் என்ற வகையில் வராத, 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சாதாரணக் கட்டடங்களுக்கு இந்தக் குறியீடு 2 வரை அனுமதிக்கப்படுகிறது. இதற்கு முன் 1.5 ஆக இருந்தது. 2 என்றால் மனையைப் போல இரண்டு மடங்கு பரப்பு, எல்லாத் தளங்களையும் சேர்த்து. "இரண்டு தளம்" என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மனை முழுவதையும் அடைக்காமல் கட்டினால் மூன்று தளமும் வரலாம்.

மேலே பார்த்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். மனை 1200 சதுர அடி, அனுமதிக்கத்தக்க மொத்தப் பரப்பு 2400. ஒரு தளம் 704. மூன்று தளம் 2112. குறியீடு 1.76. இன்னும் 288 சதுர அடி மீதம். நான்காவதாக ஒரு முழுத் தளம் எழுப்பினால் மொத்தம் 2816, குறியீடு 2.35. அது முடியாது.

இதே வீட்டை உள்ளளவால் கணக்கிட்டவர், மூன்று தளத்துக்கு 1876 சதுர அடிதான் ஆயிற்று, இன்னும் 524 மீதம் என்று நம்பிக்கொண்டிருப்பார். உண்மையில் இருப்பது 288.

குறியீடு சரியாக இருந்தால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது. முன்னால், பின்னால், பக்கங்களில் விட வேண்டிய இடைவெளி தனி நிபந்தனை. பொறியாளர்கள் செட்பேக் என்பார்கள். சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். அதுபோல வாகன நிறுத்தம், உயரம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம் போன்றவையும் தனித்தனியாகப் பார்க்கப்படும். கடலோர ஊர்களில் மனை அந்த மண்டலத்துக்குள் வருகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றில் தேறியது மற்றொன்றுக்கு ஈடாகாது.

அந்தக் குடும்பத்தில் நடந்தது

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். கடலோர ஊர்களில் பலவற்றில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நடைமுறை. மனை வாங்கித் தனி வீடு கட்ட வசதி இல்லாதவர்கள் ஒரே மனையில் மகளுக்கு ஒரு தளம் என்று எழுப்புகிறார்கள். இவருக்கு மூன்று மகள்கள். வெளிநாட்டில் பல ஆண்டு உழைத்தவர். 30க்கு 40 மனை. 22க்கு 32 அளவில் தரைத்தளமும் முதல் தளமும் அனுமதி பெற்றார். மூன்றாவது தளம் பிறகு எழுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

கட்டும்போது அவர் ஊரில் இல்லை. "காக்கா, பக்கத்துக்கு ஓரடி தள்ளிக்கிட்டா கூடம் பெருசா வரும்" என்று மேஸ்திரி தொலைபேசியில் சொன்னார். இவரும் சரி என்றார். வீடு 24க்கு 33 ஆனது. தளத்துக்கு 792 சதுர அடி. பார்த்தவர்கள் கூடம் பெரிதாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

மூன்றாவது மகளுக்குச் சம்பந்தம் பேசிய பிறகு அடுத்த தளத்துக்கு விண்ணப்பித்தார். மூன்று தளம் சேர்த்து 2376 சதுர அடி. 2400க்குள்தானே என்று நம்மிடமும் கணக்கைக் காட்டினார். ஆனால் அளக்க வந்தபோது மனை 40 அடி இல்லை, 38 அடி 6 அங்குலம். 1155 சதுர அடி மனைக்கு 2310தான் அனுமதி. 66 சதுர அடி மிகுதி. அதோடு, வரைபடம் காட்டிய 4 அடி பக்க இடைவெளி இரு பக்கமும் 3 அடியாகச் சுருங்கியிருந்தது.

"ஹஜ்ரத், ஒரு சமையலறை அளவுகூட இல்லையே, இதுக்காகவா நிறுத்துறாங்க?" என்று கேட்டார். 66 சதுர அடியை மேல்தளத்தில் குறைத்துத் திறந்த மாடியாக விட்டுவிடலாம். எழும்பி நிற்கும் இரண்டு தளத்தின் பக்கச் சுவரைத் தள்ளிவைக்க முடியாது. முதலில் அனுமதி பெற்ற 22க்கு 32 அளவிலேயே கட்டியிருந்தால், மனை சுருங்கிய பிறகும் மூன்று தளம் 2112 சதுர அடி என்று வரம்புக்குள் நின்றிருக்கும், 198 சதுர அடி மீதமும் இருந்திருக்கும். அந்த ஓரடி, மூன்றாவது மகளின் வீட்டிலிருந்து எடுத்து மற்ற இரண்டு மகள்களுக்குக் கொடுத்தது போல் ஆகிவிட்டது. திருமணம் நடந்துவிட்டது. மகள் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை. அளக்க வேண்டிய நேரத்தில் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

சுயசான்று அனுமதி: சலுகையும் பொறுப்பும்

2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் கட்டட அனுமதி வழங்கப்படுகிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில், 3500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். அலுவலக அலைச்சல் குறைகிறது. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் பெயரிலேயே பொறுப்பு இருக்கிறது. அளவுகள் சரி என்று சான்று சொல்பவர் நாம். முன்பு வரைபடத்தைப் பரிசீலித்த அலுவலர் தவறைக் கண்டு திருப்பி அனுப்பக்கூடும். இப்போது கட்டத் தொடங்கும் முன் அந்தத் தவறைக் காட்ட யாரும் இல்லாமல் போகலாம். 3500 சதுர அடி என்பது உச்ச வரம்பு. குறியீடும் இடைவெளியும் அப்படியே பொருந்தும். 1200 சதுர அடி மனைக்காரர் 3500 கட்டலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டாவது தளம் எழுப்ப நினைப்பவர்கள், இந்த முறை தங்களுக்குப் பொருந்துமா, வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாள் ஏன் முக்கியம்?

"வீட்டு வரி கட்டுகிறோம், மின் இணைப்பு இருக்கிறது, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வரி ரசீது வரி கட்டியதற்கான சான்று மட்டுமே. அது கட்டட அனுமதி ஆகாது. உள்ளாட்சி கூடுதல் பரப்புக்கும் சேர்த்து வரி வாங்கியிருந்தாலும், அந்தக் கூடுதல் பரப்பு அனுமதி பெற்றதாக மாறிவிடாது.

வீடுகள் இடிக்கப்படும் செய்திகளை அண்மை ஆண்டுகளில் கவலையோடு படித்தோம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இதில் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக வீட்டை இடிக்கக் கூடாது, குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும் என்றது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றி எழுப்பியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று மற்றொரு தீர்ப்பில், கட்டும் இடத்தில் அனுமதி பெற்ற வரைபடத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும், பணி நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் மீது வங்கிகள் கடன் தர வேண்டும் என்று கூறியது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒன்று விளங்குகிறது. முன்னறிவிப்பு வந்தால் அந்த 15 நாளில் நாம் காட்ட வேண்டியது அனுமதி பெற்ற வரைபடத்தையும், அதோடு பொருந்தி நிற்கும் வீட்டையும்தான். அளவு பொருந்தவில்லை என்றால் நம் தரப்பு வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும்.

கட்டும் முன் சரிபார்க்க

1. பத்திரம், பட்டா, தரை மூன்றையும் ஒப்பிட்டு, மூலைவிட்டத்தோடு மனையை அளந்து, குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இப்போது கட்டும் தளத்தை மட்டும் பார்க்காமல், பிள்ளைகளுக்காகப் பின்னால் எழுப்ப நினைக்கும் தளங்களையும் சேர்த்து முதல் நாளே கணக்குப் போடுங்கள். மூன்று தளம் வேண்டுமென்றால் அனுமதிக்கத்தக்க மொத்தப் பரப்பை மூன்றால் வகுத்து, ஒரு தளத்தின் அளவை அதற்குள் முடிவு செய்யுங்கள்.

3. வரைபடத்தின் ஓரத்தில் பரப்புப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தளத்தின் பரப்பு, கழித்த இடங்கள், மொத்தம், மனைப் பரப்பு, குறியீடு ஆகியவற்றை விரல் வைத்துப் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

4. தரையில் சுண்ணாம்பு போட்டுக் கோடு வரையும் நாளில் வீட்டில் ஒருவர் நாடாவோடு நிற்க வேண்டும். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் உம்மாவோ மகளோ வரைபடத்தை வைத்துச் சரிபார்க்கலாம். வெளிச்சுவர் எழும்பிய பிறகு இன்னொருமுறை அளந்துவிடுங்கள்.

5. நடுவில் மாற்றம் தேவைப்பட்டால், முதலில் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி, பிறகு கட்டுமானம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

6. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுத்துவையுங்கள். நாளை வீடு பாகம் பிரியும்போதோ எழுதிக்கொடுக்கும்போதோ, யாருக்கு எந்தத் தளம், எவ்வளவு பரப்பு என்ற பேச்சு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலானவை பாலைவனத்து வெயிலில் ஈட்டிய பணத்தால் எழுந்தவை. ஒரு நாடாவும், ஒரு மாலை நேரமும், கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தால் அந்த உழைப்பைக் காத்துக்கொள்ளலாம். அடுத்த முறை துஆ ஓத நம்மை அழைப்பவர்கள் வரைபடத்தையும் எடுத்து வையுங்கள். பரப்புப் பட்டியலைச் சேர்ந்து படிப்போம்.